பிரஷர் இல்லாதவருக்குப் பிரஷர் மாத்திரை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அம்மா நலம், நான் நலம், கால் இரண்டையும் விட்டுவிட்டால் அப்பாவும் நலம். நீயும் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ வளர்க்கிற கிட்னி செல்களும் நலமாக இருக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே போடச் சொன்னார். போனில் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறார், மாத்திரை போடுகிறாரா என்று எழுத்தில் வந்தால்தான் நம்புவேன், இல்லாவிட்டால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பி வருவேன் என்று நீ சொன்னாய் அல்லவா, அதற்காக அப்பா உனக்கு எழுதும் கடிதம் இது. சுத்தியல் பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறதாம், பட்டறையில் கழற்றி வைத்த ஒரு கார் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார். அவர் சொல்வதையும் எழுதுகிறேன், நடந்ததையும் எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்தது செருப்பு வார் பதிந்த தடத்தைத்தான். அப்பா செருப்பைக் கழற்றி வெகு நேரமாகியும் காலில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அதுவும் குழியாகவே நின்றது. கண்ட கார்களின் நசுங்கலையெல்லாம் தட்டி எடுக்கிற டிங்கர் காலில் ஒரு நசுங்கல், எழும்பி வரவே இல்லை. பட்டறைப் பெயின்டர் அண்ணன் குனிந்து பார்த்து, மாஸ்டர் இதை உள்ளேருந்து தட்டி எடுக்கணுமா, இல்ல மேலாக்கப் பட்டி பூசிப் பள்ளத்தை மூடி பெயின்ட் அடிச்சிடலாமா என்றார். அம்மா சிரிக்கவில்லை, மறுநாளே அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள், நானும் கூடப் போனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து, ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்ததில் கிட்னியில் அங்கங்கே தழும்பு என்று வந்ததையும் மாத்திரை கொடுத்ததையும் அம்மா உனக்குச் சொல்லியிருக்கிறாள். முதுகுவலிக்கு அப்பா வருஷக்கணக்காக மிட்டாய் மாதிரி முழுங்கிய மாத்திரைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றார் டாக்டரம்மா. அதை மட்டும் அப்பா நிறுத்திவிட்டார், நிறுத்தியதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி முனகிக்கொண்டிருக்கிறார்.

கிட்னி செல்லுக்கு வளர்ச்சிக் காரணி என்று ஒன்றை ஊற்றினால் அது தன் வேலையை மறந்து நீளமாகி நார் நாராகப் பின்ன ஆரம்பித்துவிடும் என்று நீ எழுதியிருந்தாயே, அப்போது அப்பா, நல்லா இருக்கிற செல்லுக்கு அதை ஏன் ஊத்துறான், இதுக்கா இவனைப் படிக்க வச்சேன் என்று கத்தினார். டாக்டரம்மாவும் அதே காரணியைத்தான் சொன்னார். அடிபட்ட இடத்தை மூட உடம்பே அதை அனுப்புமாம், மூடியதும் நிற்க வேண்டுமாம், நிற்காவிட்டால் தழும்பு பெருகி வடிகட்டுகிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளுமாம். அப்பாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. அப்படிச் சொல்லுங்க டாக்டர், உள்ளே ஒரு அரைகுறை பட்டி பூசறான், நிறுத்தத் தெரியல, கதவு மூடாத அளவுக்கு அப்பி வச்சிருக்கான், அவனை வேலையைவிட்டுத் தூக்கிடுங்க என்றார். தூக்க முடியாதுங்க, நாளைக்கு உங்க கையில வெட்டு விழுந்தா மூடறதுக்கும் அவன்தான் வரணும், அவனுக்குப் போற உத்தரவைக் குறைக்கலாம், காய்ஞ்சதைச் சுரண்ட முடியாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பதுதான், ஆனால் அந்த உத்தரவையும் குறைக்கும், சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் குறைக்கும், போட ஆரம்பித்ததும் ஒருமுறை ரத்தம் பார்க்க வர வேண்டும் என்றும் விளக்கினார். அந்த நேரம் பார்த்து அப்பா, என் பையனும் கிட்னிதான் பண்றான் என்று உன் புராணத்தை ஆரம்பித்து, அம்மாவும் பக்கப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்டது நான் மட்டும்தான். பேசாமல் இருப்பதில் அது ஒரு லாபம்.

மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, பிரஷர் மாத்திரையா சார் என்று கேட்டதில்தான் எல்லாம் கெட்டது. அப்பா அங்கேயே மெஷினில் கையை விட்டார், பிரஷர் ராஜா மாதிரி இருக்குதே என்றார் கடைக்காரர். ரிப்பேர் இல்லாத வண்டியை எவனாவது பிரிப்பானா என்று கேட்டு, வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கொண்டுபோய் பட்டறை வாஷர் டப்பாவுக்குள் போட்டுவிட்டார். அம்மா சண்டை போட்டால், உனக்குத்தான் பிரஷர், நீ போட்டுக்கோ என்கிறார். என் பிரஷரே நீங்கதான் என்கிறாள் அம்மா. எனக்கு விஷயம் தெரியும், ஆனால் பேச்சு வர வேண்டுமே. வகுப்பில் எழுந்து நின்றால் ஒரு சொல்லும் வராமல்தான் நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இனி அப்பா சொல்வது. வேளைக்குச் சாப்பிடு, செல்லுக்கு மட்டும் மணி பார்த்து ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடக்காதே. முதுகு வலித்தால் கண்ட மாத்திரையைப் போடாதே. செல் வளர்க்கிற ஒரு தட்டிலாவது அந்தக் காரணியை ஊற்றாமல் விட்டு வை, பாவம். லீவு போட்டு வந்துவிடாதே. நோய்நொடி அண்டாமல், தொட்ட காரியம் துலங்கி, நீ நீண்ட நாள் வாழ அப்பா அம்மா இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. என்னைப் போல ரத்தப் பரிசோதனைக்கு நீயும் ஒருமுறை போய் வர மறக்காதே.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியா ஒரு வரி, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவறாமப் போடறேன்னு எழுது, கையெழுத்துப் போட்டுடறேன் என்றார். என் பேனா நின்றுவிட்டது. என்ன, மை தீர்ந்துபோச்சா என்றார். நான் கார் கதவையே பார்த்துக்கொண்டு, போட்டீங்கன்னா எழுதறேன்ப்பா என்றேன். பெயின்டர் அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, மாஸ்டர், பாப்பாவுக்குக் குரல் இருக்கு என்றார். நடுவில் நின்றால் மறுபடி பேச்சு வராது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், அது உங்க பிரஷருக்கு இல்லப்பா, உள்ளே பூசறவனுக்குப் போற உத்தரவைக் குறைக்கறதுக்கு, நீங்க அண்ணன் கதை சொல்லிக்கிட்டிருந்தப்போ டாக்டரம்மா சொன்னாங்க. அப்பா குனிந்து தன் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சரி, நீ எழுதிடு, ராத்திரி போட்டுக்கறேன் என்றார். வேலை முடியாத வண்டியை நீங்க வெளியே விட மாட்டீங்கல்ல என்றேன். பெயின்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா வாஷர் டப்பாவைத் துழாவி அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் போட்டு, வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினார். தவறாமல் என்று அவர் சொன்னதை விட்டுவிட்டு, நான் இப்படி எழுதினேன்:

மாத்திரையை இன்று போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
எழுதியவள், தங்கை