ரவுட்டரும் நான் எழுதாமல் விட்ட பக்கமும்

அன்புள்ள துணைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்?

ஞாயிறு காலை நான் பேசாததற்குக் காரணம் உடம்பு அல்ல, எங்கள் விடுதி அறைக்கு இணையம் தரும் ரவுட்டர் பெட்டி. பேச்சு அடிக்கடி அறுந்துபோவதால், அந்தப் பெட்டியைத் துவக்கிவைக்கும் பூட்லோடரை மாற்றி, அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதிதாக ஏற்றத் துணிந்தேன். இணையத்திலிருந்த பதினேழு படிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். 'பழுதானால் என்ன செய்வது' என்ற பக்கத்தை மட்டும் எழுதவில்லை. தொடங்கும்போதே அதை எழுதுவது அபசகுனமாகப் பட்டது. படித்தவன் செய்கிற வேலையா இது?

பெட்டி எழவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க அறையில் வேறு இணையமும் இல்லை. என் அறையிலிருக்கும் டிரைவர், முந்தின நாள் பிறந்த மகளை முதன்முதலாக வீடியோவில் பார்க்கக் காத்திருந்தார்.

"பெரியவரே, பெட்டி எழும்பலன்னா என் சம்சாரத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும். நான் லாரிக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன்" என்றார். சிரித்தார்தான், ஆனால் கண் ஃபோனை விட்டு அகலவில்லை.

பதினான்கு மாதமாகத் தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட எதிர் அறை வெல்டரின் கதவைத் தட்டினேன். "இதுக்கா இவ்வளவு கூச்சம்? உள்ள வாங்க" என்று, டேட்டா போட்டிருந்த தன் ஃபோனைத் தந்தார். அந்தப் பழைய ஃபோனில் வீடியோ ஓடாது, எழுத்து மட்டும் வரும். எனக்கு அது போதுமே! ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டுமாம். இரண்டாம் முறைதான் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு எல்லாம் ஒழுங்காக ஏறியது. குழந்தை கொட்டாவி விட்டதை மூவரும் பார்த்தோம்.

இப்போது தொடர்பு அறுவதில்லை. மாலையில் கூப்பிடும்போது ஃபோனைச் சமையல் மேடையிலேயே வைத்துவிடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு வேன் வந்துவிட்டது.

உன் கணவன்