மூன்றாம் கியரில் ஏறிய லொறி

சிட்னி
17.9.1976

மைத்துனர் வரதராஜன் அவர்களுக்கு,

நான் சுகம். உமக்கும் யோகாவுக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் துணையிருக்கட்டும். உமது ஆறு பக்கக் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. என் தங்கையைப் பற்றி இரண்டு வரி. மிச்சமெல்லாம் லொறி.

பதினைந்து வருடப் பழைய லொறியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, உடைந்த வண்டி ஒன்றிலிருந்து எட்டுச் சிலிண்டர் எஞ்சினை எடுத்துப் பூட்டினீராம். எடுப்பது பிச்சை, ஏறுவது பல்லக்கு. மெல்பேர்னில் அட்சரகணிதம் படிப்பிக்கிற மனிதருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்ததே பெரிய அதிசயம். அதற்குமேல் என்னிடம் பாராட்டு வேறு எதிர்பார்க்கிறீர். முப்பது வருடமாக எஞ்சினோடு சீவிக்கிறவன் நான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டுச் சாமான் லொறியில், பின்னால் கட்டி இழுக்கிற கரவன் வண்டி. சிட்னிக்குக் குடிவந்து வீடு கிடைக்கும்வரை அந்தக் கரவனுக்குள்ளேயே குடியிருக்கப் போகிறீர்களாம். இங்கே என் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. நீர் யோகாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் கலியாணப் பதிவு எழுதிய அன்று நான் சொன்ன சொல்லை நீர் மறக்கவில்லை. நானும் அதைத் திருப்பி எடுக்கவில்லை. அது கிடக்கட்டும்.

இழுவை இரட்டிப்பு என்று எழுதுகிறீர். ரேடியேட்டர் மாற்றினீர், கிளச் மாற்றினீர், பெயின்டும் அடித்தீர். ஆறு பக்கத்தில் பிரேக் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. பழைய எஞ்சின் இழுத்த பாரத்துக்குச் செய்த பிரேக் அது. இப்போது அதன் இரு மடங்கை நிறுத்த வேண்டும். சிட்னிக்கு வரும் வழியில், பிக்டனுக்கு இங்கால், ரேசர்பேக் மலையை உமது எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். இறங்கும்போது பிரேக் சுட்டு, மணந்து, பிறகு பிடிக்கவே பிடிக்காது. இவ்வளவு படித்தும் உம்முடைய மண்டைக்குள் ஏற்றம் மட்டும்தான் இருக்கிறது.

டண்டினோங் மலையில் கரவனோடு மூன்றாம் கியரிலேயே ஏறியது என்று எழுதியிருக்கிறீரே, அந்த வரியை வாசித்தபின் நான் சாப்பிடவில்லை. ஏனென்று எழுதுகிறேன். உம்மிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் மூத்த அண்ணர் இந்திரகுமார் அறுபத்திரண்டில் லொறி விபத்தில் செத்தது உமக்குத் தெரியும். மழையில் வழுக்கியது என்று யோகா சொல்லியிருப்பாள். மழை பெய்யவில்லை. அந்த லொறிக்குப் பெரிய எஞ்சின் பூட்டியவன் நான். பிரேக்கைத் தொடவில்லை. எவ்வளவும் ஏற்றலாம் என்று சொன்னவனும் நான்தான். அண்ணர் நுவரெலியாவிலிருந்து, நான் வேலை செய்த வாகனக் கராச்சுக்கு ட்ரங்க் கோல் எடுத்தார். “டேய் சச்சி, மூண்டாம் கியரிலேயே ஏறிட்டுதடா” என்றார். மறுநாள் மரக்கறி மூட்டைகளோடு இறம்பொடைப் பக்கம் இறங்கினார்.

யோகாவுக்கு அப்போது பதினான்கு வயது. மழை என்று அவளுக்குச் சொன்னது நான். மழை பெய்தால் இன்றைக்கும் அவள் வாகனத்தில் ஏற மாட்டாள் என்று நீரே ஒருமுறை கேலியாக எழுதினீர்.

ஆகவே பிரேக் முழுவதையும் மாற்றும், கரவனுக்கும் தனியாகப் பூட்டும். வேலை தெரிந்தவனைக் கொண்டு செய்வியும், நீர் தொட வேண்டாம். இல்லையென்றால் அவளையும் பிள்ளைகளையும் ரயிலில் அனுப்பும். நான் ஸ்டேசனுக்கு வந்து கூட்டிப்போவேன்.

இரண்டும் உமக்குக் கௌரவக் குறைச்சல் என்றால், இந்தக் கடிதத்தை யோகாவிடம் கொடும். வாசித்தபின் அவள் உம்முடைய லொறியில் ஏற மாட்டாள். என் வீட்டுப் படியும் ஏற மாட்டாள். அவள் உயிரோடு இருந்து என்னை வெறுக்கட்டும், மைத்துனர். உம்மிடம் நான் கேட்கிற முதல் உதவி இது.

இப்படிக்கு,
யோகாவின் சின்ன அண்ணன்,
சச்சிதானந்தன்