நண்டு மனிதன் படம் போட்ட ஞாயிறு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். ஆவலைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதி. அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. ஊர் உலகத்து லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றான், வீட்டுக் குழாய் இந்த லட்சணத்துல இருக்கு என்று உங்கள் அம்மா திட்டித் தீர்த்தார். கண்ணாடிக் கடையில் செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். படியெல்லாம் சாஞ்சு தெரியுதும்மா என்று மறுநாள் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. உடம்பு சரியில்லன்னா லீவு எடுத்துக்கம்மா என்றார் முதலாளி. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

போன ஞாயிறு மதியம் நண்டு மனிதன் படம் போட்டார்களே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கல்யாணமான புதிதில் எல்லோரும் நல்ல படமாகத் தேடிப் போவார்கள். நாம் இரண்டு பேரும் டிவியில் குப்பைப் படமாகத் தேடி உட்காருவோம். நாற்பது வயது ஹீரோ தொப்பையை எக்கிக்கொண்டு ஸ்கூல் பையோடு வருவார், பரீட்சையில் பாஸ் என்றதும் அழுவார். அவரைக் கிண்டல் பண்ணிச் சிரித்துவிட்டு, கடைசிக் காட்சியில் நாமும் அழுவோம். கண்ணில தூசி என்பீர்கள். நல்ல தூசி! நீங்கள் வெளிநாடு போய் மூன்று வருடமாகியும் இதை மட்டும் விடவில்லை. அங்கேயும் அதே சேனல், இங்கேயும் அதே சேனல், நடுவில் ஸ்பீக்கரில் ஃபோன். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் நான் மீதி ஆறு நாளையும் ஓட்டினேன்.

நாம் எத்தனையோ தடவை பார்த்த நண்டு மனிதன் படத்தில், அந்த நண்டு முதுகைக் காட்டும்போது ரப்பர் உடுப்பில் ஜிப் தெரியும் இல்லையா? அது திரும்பியதும், அம்மா, ஜிப் மாட்டிக்கிச்சு, இழுத்து விடும்மா என்று நீங்கள்தான் அழுகுரலில் சொல்வீர்கள். படத்தில் இல்லாத வசனம். நம் வீட்டு சோபாவில் நீங்கள் இட்டுக்கட்டியது. இத்தனை வருடத்தில் அத்தைக்குக்கூட அதை நாம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்டு திரும்புவதற்குள்ளேயே அந்த வசனம் வந்துவிட்டது, ஒரு பெண் குரலில். உங்கள் ஃபோனிலிருந்து. பின்னாலேயே உங்கள் சிரிப்பு. அப்புறம் லைன் செத்துவிட்டது.

ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, அது டிவி சத்தம் என்றீர்கள். எந்த டிவி? அதே படம்தானே இங்கேயும் ஓடுகிறது! அந்தக் காட்சியில் நண்டையும் கடலையும் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. ஒரு புளுகைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை உங்களுக்கு.

அன்றைக்கென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அத்தையும் கேட்டார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். என் கையைப் பிடித்தவர் படம் முடிந்த பிறகும் விடவே இல்லை.

யாரோ ஒருத்தி உங்கள் அறைக்கு வந்து போகிறாள் என்றால்கூட, தனிமை, ஆம்பளை புத்தி என்று எதையாவது சொல்லி மனதைத் தேற்றியிருப்பேன். அந்த வசனத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். எத்தனை ஞாயிறு நான் இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? சோறு இறங்கவில்லை.

அத்தையை நினைத்துத் தயங்க வேண்டாம். அவரை நான் பார்த்துக்கொள்வேன். அவளா நானா என்று ஒரே வரியில் எழுதுங்கள், போதும். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். வேலையில் கவனம். உயரத்தில் நிற்கும்போது இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். எங்கே, யாரோடு இருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தாங்கிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறேன். சும்மா வீறாப்பு. என்னால் முடியாது. ஒரு வரியும் எழுத வேண்டாம், புறப்பட்டு வந்துவிடுங்கள். சத்தியமாக நான் எதையும் கேட்க மாட்டேன்.