அல்மாஸ் பேசும் நான்கு தொனிகள்

ஜூன் 3

இன்றும் கம்பெனி லைனில் பாகங்களைச் சோதித்து ‘ஓகே’, பழுதானால் ‘என்.ஜி.’ என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. ஹாஸ்டல் அறைக்குப் புதிதாக ஒருத்தி, அல்மாஸ். எத்தியோப்பியாவிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். தாய்மொழி ஷெக்கோவாம். நான் மொழியியல் எம்.ஏ. என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 8

சொல்லிவிட்டேன். ஷெக்கோவில் தொனிக்கு நான்கு படிகள். படி மாறினால் சொல்லே வேறு. நாக்கை மடித்துச் சொல்லும் ஷகரம் எனக்கு உடனே வந்தது. மூச்சை அடைத்துத் தெறிக்கவிடும் ‘க்’ வரவேயில்லை. அவள் சிரித்தாள்.

எம்.ஏ.வில் பாடம் எடுத்த பேராசிரியர் ஜீவானந்தத்துக்குப் போன் செய்தேன். ஒலிப்பதிவோடு வந்தால் இந்த வருடமே பிஎச்.டி. பதிவு என்றார். இந்த லைனை விட்டுப் போய்விடலாம்.

ஜூன் 19

ஷிஃப்ட் முடிந்ததும் பதிவு. ஒரு சொல்லைத் தனியாக, மூன்று முறை, உணர்ச்சி கலக்காமல் சொல்ல வேண்டும். அப்போதுதான் தொனி சுத்தமாக விழும். அவள் கதை சேர்த்தால் கையைக் காட்டி நிறுத்துகிறேன்.

சமையல் கனகம் அக்கா: “இன்னாம்மா, அந்தப் பொண்ணு வாயாண்டயே போனை வச்சிக்கினு கீற? சாப்புட வுடு.”

ஜூன் 27

இன்றைய சொல் ‘தங்கை’. ஒருமுறை சொன்னாள். மறுபடி என்றேன். குரல் இறங்கிவிட்டது. தொனி கெட்டுவிட்டது, இன்னொரு தடவை என்றேன். எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

கனகம் அக்காதான் பின்னாலேயே போனார். அல்மாஸ் போட்டோ காட்டினாளாம். இன்று ஊரில் அவள் தங்கைக்குக் கல்யாணம், லீவு கிடைக்கவில்லை. “ஒரே ரூம்ல கீற, உனக்குத் தெரியாதா?”

தெரியாது. நான் கேக்கவே இல்லியே. இன்னா பொண்ணு நான்?

ஜூன் 28

அல்மாஸ் எனக்கு முன்னாலேயே எழுந்து ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 6

சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்கக் கூப்பிட்டேன். வந்தாள். போனை அறையிலேயே வைத்துவிட்டேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். ஆங்கிலம் போதாமல் ஷெக்கோவுக்குத் தாவினாள். நிறுத்தவில்லை. தொடர்ந்து பேசும்போது நான் பிரித்துவைத்த படிகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரிகின்றன. வாக்கியத் தொடக்கத்தில் தாழ்ந்தது எது, முடிவில் உயர்ந்தது எது? நான் சேர்த்தது வெறும் சொற்கள்தான்.

ஜூலை 18

பிஎச்.டி. பதிவுக்குக் கடைசித் தேதி. இருப்பதை அனுப்பியிருக்கலாம். பேச்சைக் கேட்காமல் சொல் சொல்லாக எடுத்தது, போதாது சார் என்று பேராசிரியரிடம் போனில் சொன்னேன்.

“அப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்மா.”

லைனுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 2

பயிற்சி முடிந்து அல்மாஸ் ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டிலைப் பார்க்காமல் படுக்கப் பழக வேண்டும்.

ஆகஸ்ட் 18

அவள் நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், முழுக்க ஷெக்கோவில். அர்த்தம் பாதிகூடப் பிடிபடவில்லை. எந்த இடத்தில் சிரிக்கப்போகிறாள் என்பது மட்டும் தெரிகிறது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் கவிப்பிரியா. லைனில் எனக்கு எதிரே நிற்பவள், இதுவரை பேசியதில்லை.

“இன்னா, பாட்டா கேக்குற?”

“என் ஃபிரண்டு பேசுறா” என்றேன். இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.