தாங்கும் செல் காட்டிய துண்டு

ஜாலான் புசார், சிங்கப்பூர்
12.8.1985

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரத்துடன் மகள் பிரிஜட் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இருமல் நின்றதா?

ஆய்வுக்கூடத்தில் சென்ற மாதம் சின்னக் கூத்து. எலி மூளையில் நரம்புகளைத் தாங்கும் செல்களை எடுத்துக் குப்பியில் வளர்ப்பது என் வேலை. அவை சும்மா முட்டுக்கொடுப்பவை என்றுதான் படித்திருந்தேன். ஆனால் அந்நியப் புரதத்தைக் கொடுத்தால் அவை விழுங்கி, நறுக்கி, ஒரு துண்டை வெளியே நீட்டிக் காட்டுகின்றன. அதைக் கண்டு, கூடவே விட்ட நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகின. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தல். குப்பியைக் குலுக்க மறந்திருந்தேன். குலுக்கினால்தான் மேலே ஒட்டியிருக்கும், கண்டதையும் விழுங்கும் துப்புரவுச் செல்கள் கழன்று போகும். துண்டைக் காட்டியது அவையாகவும் இருக்கலாமே.

தலைவர் துரைசாமி சாரிடம் சொல்லிவிட்டேன்.

"இப்பவே சொன்னது நல்லது லா. இன்னொரு தடவ செஞ்சிடுங்க," என்றார்.

நன்றாகக் குலுக்கிச் செய்தேன். தாங்கும் செல்களேதான் காட்டின.

இங்கே தேக்கா சந்தையில் எல்லாம் கிடைக்கிறது, அம்மாவின் மீன்குழம்புப் பொடியைத் தவிர. யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். ஞாயிறு பூசைக்குத் தனியாகத்தான் போய்வருகிறேன்.

அப்பா, கடைசி இரண்டு கடிதங்களிலும் "எல்லாரும் நலம்" என்பது உங்கள் வாசகம். எழுத்து தம்பி சிலுவைராஜுடையது. உங்கள் கைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதவில்லை. டாக்டர் சீட்டில் ஒரு துண்டையாவது கிழித்து உறைக்குள் வையுங்கள். தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். அடுத்த கடிதத்தில் உங்கள் பெயரை மட்டுமாவது நீங்களே எழுதுங்கள்.

மகள்,
பிரிஜட்