உள்ளறை வயரைக் கடித்த எலி

இதனால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், எங்கள் கொம்பியூட்டர் வகுப்பின் உள்ளறை வயரை இன்று காலை எலி கடித்துவிட்டது. எலி நலம். வயர் காலமானது.

நீ இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பாய். போன மாரியில் நெருப்புக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு என் பகிடிகளுக்கு இங்கே சந்தை இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

வயர் போனதும் முன்னறையின் மூன்று திரைகளும் உறைந்தன. எல்லாருடைய வேலையையும் உள்ளறை மெசினில்தானே சேமிப்பது. அது பதில் சொல்லாவிட்டால் இவை மூன்றும், எந்த விசையை அடித்தாலும் அசையாத தவசிகள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி சுவிச்சுக்குக் கையை நீட்டினாள்.

"நிப்பாட்டாதை. அது சாகேல்லை, காத்துக்கொண்டு நிக்குது," என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் வசனம் என்று உறைத்தது.

முன்பொருநாள் இப்படித்தான். குருநகர்ப் படகுக்காரர் கடலுக்குப் போக அனுமதி கேட்கும் மனுவை நீ மூன்று நாளாக ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவின் படகு உட்பட நாற்பது வீட்டு அடுப்பு அதில் தொங்கியது. இரண்டு மணிக்குப் பங்குச் சுவாமியார் வந்து அதைக் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டரைக்குத் திரை உறைந்தது. கடைசி நாலு பக்கம் இன்னும் சேமிக்கப்படவில்லை.

"நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுவம்," என்றார் வகுப்பு நடத்தும் சேர். எந்த மெசின் நின்றாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. நீ சுவிச்சின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாய்.

"வேண்டாம் சேர். உள்ளுக்கை இருக்கிற மெசின் திரும்பக் கதைச்சால், இது விட்ட இடத்திலையிருந்து தொடங்கும். நிப்பாட்டினால் நாலு பக்கமும் போயிடும்."

"எவ்வளவு நேரம் உப்பிடி நிக்கும்?"

"நாங்கள் நிக்கிற மட்டும் நிக்கும்."

பிறகு என்னைப் பார்த்தாய். "டேய், நீ போய் வயரைப் பார். உனக்குத்தான் அது சரிவரும். மற்ற ஆக்கள் ஒருத்தரும் வரவேண்டாம், உள்ளுக்கை இடம் காணாது."

ஐந்து நிமிடத்தில் வியர்க்க வியர்க்க வெளியே வந்து, திரைக்கு முன்னால் மந்திரவாதி போலக் கையை ஆட்டினேன். உறைந்த நேரத்தில் நீ அடித்த எழுத்துகள் வரிசையாக வந்து விழுந்தன. உன் கை அப்போதும் சுவிச்சை விட்டு எழும்பவில்லை.

மனு நேரத்துக்குப் போனது. அடுத்த கிழமை படகுகளும் போயின. உன் அம்மா எனக்குக் கணவாய்க் கறி கொடுத்துவிட்டா. செத்த மெசினை எழுப்பினவன் நான், நாற்பது வீட்டு உலையைக் கொதிக்க வைத்தவன் நான் என்று நெல்லியடி வரைக்கும் சொல்லித் திரிந்தேன். நீ ஒரு தரமும் மறுக்கவில்லை. ஆராவது கேட்டால், "ஓம், உவன்தான்," என்று சாட்சி வேறு சொன்னாய்.

இன்று புது வயர் போட்டதும் மூன்று திரைகளும் விட்ட இடத்தில் தொடங்கின. "அண்ணை, உங்களுக்கு உந்த வித்தை ஆர் சொல்லித் தந்தது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். மிச்சத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அன்று உங்கள் எல்லாரையும் ஒரு தரம் திடுக்கிட வைக்கலாம் என்று வயரைக் கழற்றிவிட்டு வந்து, அப்பாவி போல உனக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். மனு அன்றே போக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் உங்களோடு சேர்ந்து திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலில் இருந்த உள்ளறைத் தூசியை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துத்தான் என்னைத் தனியாக உள்ளே அனுப்பினாய்.

அன்றைய எலி நான்தான், மச்சான்.