உரச் சாக்கில் வந்த கடலை

அன்புள்ள அப்பாவுக்கு, இசைவாணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய கடலைச் சாக்கோடு வேலப்பன்சாவடி ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். வெடிமருந்தை மோப்பம் பிடிக்க நாங்களே செய்த கருவி அலறியது. காவலர் ஜெகதீசன் வழியை மறித்தார். "இன்னாம்மா கீது உள்ள? கீழ வெச்சிட்டு தள்ளி நில்லு!"

சாக்கில் ஒட்டியிருந்த பழைய உரத்தூள்தான் காரணம், வெடிமருந்தில் இருக்கும் நைட்ரேட் உரத்திலும் உண்டு என்று சோதித்துச் சொன்னார்கள். கருவி சரியாக வேலை செய்கிறது என்று பேராசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. எல்லோரும் சிரித்தோம்.

ஆனாலும் அன்றிலிருந்து என் பையை மட்டும்தான் திறந்து பார்க்கிறார்கள். பக்கத்து மேசை பவ்யா, "எதுக்கு வம்பு" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். வறுத்துக் கொடுத்த கடலையை ஒருவரும் தொடவில்லை.

இனிமேல் துணிப்பையில் கட்டி அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது, சேர்ந்து தின்ன ஆள் கிடைக்கும். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது அப்பா.

இசை